மழை வந்தா செவுரு கறுக்குது, பீரோ பின்னாடி பூரா பூசணம், மேல் வீட்டு லீக்கேஜா? ஹெல்ப் ப்ளீஸ்

செம்பூர்_சித்ரா | ஜூலை 9, ராத்திரி 11:14

எல்லாருக்கும் வணக்கம், நான் இங்க படிச்சிட்டு மட்டும் போற ஆளு, இன்னைக்கு தாங்க முடியாம எழுதறேன். மும்பை செம்பூர்ல 7 மாடி அபார்ட்மென்ட் சொசைட்டி, 4வது மாடில எங்க வீடு, பில்டிங் கட்டி 28 வருஷம் ஆச்சு. ரெண்டு பெட்ரூம், பின் ரூம்ல மாமனார் மாமியார் இருக்காங்க, அங்க ஒரு மரப் பீரோ செவுத்தோட ஒட்டி நிக்குது. நேத்து ஒரு கல்யாணத்துக்குன்னு மாமியார் பட்டுப்புடவை எடுக்கப் போய் கதவைத் திறந்தாங்க, மூஞ்சில அடிச்சுது பாருங்க ஒரு வாடை, மழைல ஊறின கோணிச்சாக்கு மாதிரி. அரக்கு கலர் புடவை, மடிப்பு மடிப்பா சாம்பல் பூத்திருக்கு. நானும் வீட்டுக்காரரும் பீரோவை இழுத்துப் பாத்தா பின்னாடி செவுரு முழங்கால் உயரத்துலருந்து தோள் வரைக்கும் கறுப்பு, நடுநடுவுல பச்சை, தொட்டா விரல்ல மை மாதிரி ஒட்டுது. அதே ரூம்ல ஜன்னல் மேல் மூலைலயும் பெயின்ட் உப்பி அப்பளம் மாதிரி உதிருது.

போன தீபாவளிக்குத்தான் 22,000 ரூபா போட்டு பெயின்ட் அடிச்சோம், பூசணம் வராதுன்னு டப்பாலயே எழுதியிருந்துது. வயிறு எரியுது. மேல் வீட்டு பாத்ரூம் லீக்குதான்னு வீட்டுக்காரர் அடிச்சு சொல்றார், நேத்து ராத்திரியே மேல போய் கொஞ்சம் சத்தமாவே பேசிட்டு வந்துட்டார். அங்க இருக்கறது வயசான குஜராத்தி அம்மா, பில்டிங்ல எல்லாரும் 'பா'ன்னுதான் கூப்பிடுவோம், குஜராத்தில அம்மான்னு அர்த்தம், அவங்க 'எங்க பாத்ரூம் அந்தப் பக்கமே இல்லையேப்பா'ன்னு சொன்னதுக்கு இவர் 'தண்ணி எங்க வேணா ஓடி வரும்'னு கத்திருக்கார். என் பொண்ணுக்கு 8 வயசு, பாட்டி கூடத்தான் படுக்குது, மூணு வாரமா ராத்திரி ஆனா இருமல். என்ன பண்றது சொல்லுங்க, முதல்ல எதுல ஆரம்பிக்கணும்னே தெரியல.

டோம்பிவிலி_டைகர் | 11:31

சிம்பிள்க்கா. ப்ளீச் லிக்விட் ஒரு பாட்டில் வாங்கி ஸ்ப்ரேல ஊத்தி அடிங்க, பத்து நிமிஷத்துல வெள்ளை வெளேர்னு ஆயிடும், எங்க பாத்ரூம் டைல்ஸ்ல நான் அப்படித்தான் பண்றேன். பீரோவைத் திருப்பி ஒட்டி வெச்சுட்டா யாருக்குத் தெரியப் போகுது ஹிஹி

வாஷி_வசந்த் | 11:58

டைகர் ப்ரோ, டைல்ஸுக்கு ஓகே, பூச்சு செவுத்துக்கு அது சரி வராது. டைல் தண்ணி குடிக்காது, செவுரு குடிக்கும். பூசணம் நூல் நூலா உள்ள இறங்கியிருக்கும், ப்ளீச் மேல இருக்கற கறையை வெளுத்துட்டு நின்னுடும், அதுல இருக்கற தண்ணி மட்டும் உள்ள போகும், ரெண்டு வாரத்துல பழையபடி. சித்ரா சிஸ்டர், ஒண்ணு மட்டும் கையெடுத்துக் கும்பிட்டு சொல்றேன், ப்ளீச் அடிக்கறதா இருந்தா அதோட வேற எதையும் சேர்க்காதீங்க. நான் சேர்த்தவன். ரெண்டு வருஷம் முன்னாடி பாத்ரூம் மூலைல ப்ளீச் அடிச்சேன், கறை போகல, கடுப்புல அதுக்கு மேலயே டாய்லெட் கழுவற ஆசிட்டை ஊத்தினேன், கதவு வேற சாத்தியிருந்துது. லேசா பச்சை மாதிரி ஒரு புகை, கண்ணு எரிஞ்சுது, தொண்டையை உள்ளருந்து யாரோ பிடிச்சு முறுக்கற மாதிரி. க்ளோரின் கேஸ். வொய்ஃப் காலரைப் பிடிச்சு வெளிய இழுத்துப் போட்டா, அப்புறம் கிளினிக்ல நெபுலைசர் வெச்சாங்க. வினிகர் சேர்த்தாலும் இதே கதைதான், அம்மோனியா இருக்கற கண்ணாடி துடைக்கற லிக்விட் சேர்த்தா அது வேற ஒரு விஷப்புகை.

டோம்பிவிலி_டைகர் | ஜூலை 10, 12:03

ஐயோ ப்ரோ. நான் ரெண்டையும் ஒரே பக்கெட்ல வெச்சிருக்கேன், இப்பவே போய் பிரிச்சு வெக்கறேன்

சேலத்து_மேஸ்திரி | காலை 6:40

வணக்கமுங்க. நான் 17 வருஷமா நவி மும்பைல வாட்டர்ப்ரூஃபிங் வேலை பாக்கறேன், சைட்டுக்குக் கிளம்பற அவசரத்துல எழுதறேன், தப்பிருந்தா பொறுத்துக்கோங்க.

பூசண விதை காத்துல எப்பவுமே இருக்குதுங்க, உங்க வீட்டுல என் வீட்டுல ஆஸ்பத்திரில எல்லா இடத்துலயும். அதைத் தடுக்க முடியாது. அது திங்கறதுக்கு தூசி போதும், பெயின்ட்ல இருக்கற பசை போதும், பீரோவோட ப்ளைவுட் முதுகு இருக்கே அது விருந்து. மும்பை சூடும் அதுக்குத் தோதானதுதான். நம்ம கையில இருக்கறது தண்ணி ஒண்ணுதான், ஈரம் பட்ட இடம் ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ள காயலன்னா முளைக்க ஆரம்பிச்சிரும். அதனால எதைப் போட்டுத் துடைக்கறதுன்னு கேக்கறதுக்கு முந்தி இந்தத் தண்ணி எங்கிருந்து வருதுன்னு கேளுங்க. பெயின்டர் இதைக் கேக்க மாட்டான், அவனுக்கு டப்பா வித்தாப் போதும்.

சில விஷயம் சொல்லுங்க. அந்தச் செவுரு வெளிச் செவுரா, இல்ல ரெண்டு ரூமுக்கு நடுவுல இருக்கற நாலு இஞ்சு செவுரா? அதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு? கறுப்பு வருஷம் பூரா இருக்கா, மழைல மட்டுமா? மேல் வீட்டு பாத்ரூம் லீக்குன்னா ஏப்ரல் மே மாசத்துலயும் ஈரம் இருக்கணுங்க, அவங்க குளிக்கறதை நிறுத்த மாட்டாங்க இல்ல, அதுவும் முதல்ல சீலிங்லதான் வட்டம் வட்டமா பழுப்பாக் காட்டும். உங்களுது முழங்கால்லருந்து தோள் வரைக்கும்னு சொல்றீங்க, எனக்கு அங்கதான் இடிக்குது.

இன்னொண்ணு, ஜன்னல் மூலைல உதிருதே, அது வெள்ளையா மாவு மாதிரி நறநறன்னு இருக்கா? அப்படின்னா அது பூசணம் இல்ல, உப்பு. செவுத்துக்குள்ள தண்ணி ஓடி வெளிய வந்து காயறப்ப சிமென்ட்டுல இருக்கற உப்பைக் கொண்டாந்து விட்டுட்டுப் போகும். ரெண்டு சொட்டுத் தண்ணி விடுங்க, உப்புன்னா கரையும், பூசணம் கரையாது.

அப்புறம் காசில்லாத டெஸ்ட் ஒண்ணு. சப்பாத்தி சுத்தற அலுமினியம் ஃபாயில் ரெண்டு துண்டு, ஒரு முழம் சதுரம், செவுத்தை உலர்ந்த துணியால துடைச்சுட்டு ஒண்ணு பீரோ பின்னாடி ஒண்ணு ஜன்னல் மூலைல நாலு பக்கமும் டேப் போட்டு காத்துப் புகாம ஒட்டுங்க. ரெண்டு நாள் விடுங்க. எடுக்கறப்ப ஈரம் செவுத்தைப் பாத்த பக்கம் இருந்தா தண்ணி செவுத்துக்குள்ளருந்து வருது. ரூமைப் பாத்த பக்கம் வேர்த்திருந்தா தண்ணி உங்க ரூம் காத்துலருந்தே வருது. அது வரைக்கும் மேல் வீட்டோட சண்டை வேண்டாம் அம்மணி.

மாட்டுங்கா_மாமி | காலை 9:20

சித்ரா, புடவையை நெனைச்சா எனக்கே வயத்தைக் கலக்கறது. அவசரப்பட்டு தண்ணில நனைச்சுடாதே, ஈரத்துணியால தேய்ச்சுடாதே, தேய்ச்சா நூலுக்குள்ள போய் உக்காந்துக்கும். மாஸ்க் போட்டுண்டு பால்கனில, ரூமுக்குள்ள வேண்டாம், பூப்போல ஒரு உலர்ந்த துணியால தட்டி விடு, அப்புறம் ட்ரை க்ளீன்ல குடுத்துப் பூசணம்னு சொல்லியே குடு. வந்தப்புறம் அப்பாவோட பழைய வேஷ்டி, நன்னா தோய்ச்சு கஞ்சி போடாதது, அதுல சுத்தி வை. ப்ளாஸ்டிக் கவர்ல போட்டு ஜிப் போட்டு வெக்கறா எல்லாரும், அதுக்குள்ள ஈரம் மாட்டிண்டா வெளில போக வழியே இல்லை. கஞ்சின்னா பூசணத்துக்கு சாதம் போட்ட மாதிரி, அதையும் மறக்காதே.

ரசகற்பூர உருண்டை போடறதும் வீண். அது பூச்சிக்குத்தான், பூசணத்துக்கு இல்லை. ஜரிகைல பட்டா ஜரிகை கறுத்துப் போகும், எங்க நாத்தனார் கூரைப்புடவை அப்படித்தான் போச்சு.

என் கதை கேளு. கொலு பொம்மையை லாஃப்ட்ல, அதான் பரண்ல, வெச்சிருந்தேன், மாட்டுங்காவுல எங்க பில்டிங் ரொம்பப் பழசு, மழை நாலு மாசமும் லாஃப்ட் செவுரு ஜில்லுனு இருக்கும். மண் பொம்மை எல்லாம் தப்பிச்சுது, காகிதக் கூழ் தசாவதாரம் செட்டு இருந்துதே, நியூஸ் பேப்பர் வேற சுத்தி வெச்சிருந்தேன், நவராத்திரிக்கு எடுத்தா வராகருக்கு தாடி முளைச்சிருக்கு! வெள்ளையா பஞ்சு மாதிரி. கூர்மத்துக்கு முதுகெல்லாம் பச்சை. சிரிக்கறதா அழறதான்னு தெரியல. காகிதக் கூழுன்னா உள்ள முழுக்க காயிதமும் பசையும்தானே. இப்போ எல்லாம் மூடி போட்ட டப்பா, சிலிகா ஜெல், லாஃப்ட் இல்லை, ஹால் அலமாரி மேல் தட்டு.

முலுண்ட்_முரளி | காலை 10:05

ரொம்ப ஜாக்கிரதை சகோதரி!! எங்க சொசைட்டி வாட்ஸ்அப் குரூப்ல வந்துது, செவுத்துல வர கறுப்புப் பூசணம்தான் 2021ல கொரோனா டைம்ல கண்ணை எடுத்த கறுப்புப் பூஞ்சை, மூக்கு வழியா மூளைக்குப் போகும், உடனே வீட்டைக் காலி பண்ணுங்க.

நைட்_ட்யூட்டி | மதியம் 2:45

முரளி சார், அந்த ஃபார்வேர்டை தயவு செஞ்சு இங்கயே நிறுத்திடுங்க. 2021 மே ஜூன்ல நான் கோவிட் வார்டுல இருந்தவ, மியூகர்மைகோசிஸ், அதாவது நீங்க சொல்ற கறுப்புப் பூஞ்சை நோய், வந்த பேஷன்ட்டை நேர்ல பாத்திருக்கேன். அது வேற பூஞ்சைக் குடும்பம். வந்தவங்க பெரும்பாலும் சுகர் கட்டுக்கடங்காம போனவங்க, ஸ்டீராய்டு நிறைய எடுத்தவங்க. அந்த நோய்க்கு அந்தப் பேரு வந்தது சதை செத்துக் கறுத்துப் போறதால, பூஞ்சையே கறுப்புங்கறதால இல்ல. செவுத்துல கறுப்பா பாக்கறது பெரும்பாலும் க்ளாடோஸ்போரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் மாதிரி வகைங்க. கலரைப் பாத்து எது எதுன்னு சொல்லவே முடியாது, லேப்ல குடுத்து செலவு பண்ணவும் தேவையில்ல, எதுவா இருந்தாலும் வீட்டுல இருக்கக் கூடாது, அவ்ளோதான். பென்சிலின் கூட இந்த மாதிரி ஒரு பூஞ்சைலருந்து 1928ல ஃப்ளெமிங் கண்டுபிடிச்சதுதான், அதுக்காக யாரும் செவுத்தை நக்கிடாதீங்க.

சித்ரா, பயமுறுத்தல, ஆனா இருமலை விட்டுடாதீங்க. பூசணம் பிடிச்ச ஈர வீட்டுல இருக்கறவங்களுக்கு இருமல், வீசிங், மூக்கடைப்பு, ஆஸ்துமா அதிகம்னு உலக சுகாதார நிறுவனம் 2009லயே தனியா ஒரு கைட்லைனே போட்டிருக்கு. இன்னைக்கே பொண்ணை வேற ரூம்ல படுக்க வைங்க. டாக்டர்கிட்ட போறப்ப வீட்டுல பூசணம் இருக்குன்னு வாயைத் திறந்து சொல்லுங்க, அதை யாரும் சொல்றதே இல்ல, அவங்க பாட்டுக்கு சிரப் எழுதிட்டே இருப்பாங்க. மாமனார் மாமியார்ல யாருக்காவது ஆஸ்துமா, சுகர், கேன்சர் ட்ரீட்மென்ட் இருந்தா அவங்களையும் அந்த ரூம்லருந்து மாத்திடுங்க, சுத்தம் பண்ற அன்னைக்குக் கிட்டயே விடாதீங்க.

முலுண்ட்_முரளி | மாலை 4:10

தகவலுக்கு நன்றி. குரூப்லயும் சொல்லிடறேன். அனுப்பினது எங்க சேர்மன், அதான் கொஞ்சம் தயக்கம்.

செம்பூர்_சித்ரா | ஜூலை 13, ராத்திரி 10:02

மேஸ்திரி அண்ணே, டெஸ்ட் பண்ணிட்டேன், எனக்குக் கை நடுங்குது. ஜன்னல் மூலை ஃபாயில்ல செவுத்துப் பக்கம் பூரா தண்ணி, வெளிப்பக்கம் காஞ்சிருக்கு. அந்த வெள்ளை மாவும் தண்ணி விட்டதும் கரைஞ்சுது. ஆனா பீரோ பின்னாடி ஃபாயில் தலைகீழ், செவுத்துப் பக்கம் காஞ்சிருக்கு, ரூம் பக்கம் முத்து முத்தா வேர்த்திருக்கு, காலைல ஆறு மணிக்குப் பாத்தேன், கோடு கோடா வழியுது. நீங்க கேட்ட மத்ததும் சொல்றேன். அது நடுச் செவுருதான். அந்தப் பக்கம் எங்க பெட்ரூம், அந்தச் செவுத்தைப் பாத்துதான் ஏசி காத்து அடிக்குது, வீட்டுக்காரர் ராத்திரி 18ல வெச்சுட்டுப் போர்வை போத்திட்டுத் தூங்கற ஆளு. பின் ரூம்ல ஏசி கிடையாது, மாமியார் ஜன்னலைத் திறந்துதான் வெப்பாங்க. சீலிங்ல ஒரு கறை கூட இல்ல. அப்ப மேல் வீடு???

சேலத்து_மேஸ்திரி | ராத்திரி 10:40

மேல் வீட்டுக்கு சம்மந்தமே இல்லீங்க. உங்களுக்கு ரெண்டு வேற வேற வியாதி, ஒரே ரூம்ல.

பீரோ பின்னாடி இருக்கறது உங்க ஏசி பண்ண வேலை. ஐஸ் தண்ணி ஊத்தின டம்ளருக்கு வெளில வேர்க்குமே, டம்ளர் ஓட்டைன்னா சொல்லுவோம்? அதேதான். ராத்திரி பூரா அந்த நாலு இஞ்சு செவுத்தை ஒரு பக்கத்துலருந்து குளிர வெக்கறீங்க. இந்தப் பக்கம் ஜன்னல் வழியா வர மழைக்காத்து 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம்னு வெச்சுக்கோங்க, அந்தக் காத்து 25 டிகிரி செவுத்தைத் தொட்டாலே தண்ணியாக் கட்டிக்கும். அதுல பீரோ வேற ஒட்டி நிக்குது, காத்தே போகாது, பகல்லயும் காயாது. பூசணத்துக்கு சொட்டற தண்ணி கூட வேண்டாங்க, செவுத்தை ஒட்டின காத்துல 80 சதவீதம் நாள் கணக்குல நின்னாப் போதும். 22,000 ரூபா பெயின்ட் மேல தினம் ராத்திரி தண்ணி தெளிச்சா எந்தப் பெயின்ட் தாங்கும்.

ஜன்னல் மூலை நிஜமான லீக்கேஜ். மழை நின்ன நேரம் பாத்து வெளில எட்டிப் பாருங்க, ஜன்னல் மேல நீட்டிட்டிருக்கற சிலாப் இருக்கே, சஜ்ஜா, அதுவும் செவுரும் சேர்ற இடத்துல விரிசல் இருக்கும், இல்லன்னா தண்ணியைக் கீழ இறக்கற டவுன்டேக் பைப் ஜாயின்ட் கசியும்.

டோம்பிவிலி_டைகர் | ராத்திரி 10:44

ஆக மொத்தம் குத்தவாளி அண்ணன் ரிமோட்டு

செம்பூர்_சித்ரா | ராத்திரி 11:15

இதை அவர்கிட்ட படிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவே இல்ல. அப்புறம் எழுந்து போய் 18ஐ 25 ஆக்கிட்டு வந்து படுத்துட்டார்.

வாஷி_வசந்த் | ஜூலை 14, காலை 8:30

2020 ஜனவரிக்கு அப்புறம் வர ஏசி எல்லாம் ஆன் பண்ணா 24லதான் ஆரம்பிக்கணும்னு கவர்மென்ட் ரூலே இருக்கு, நம்மாளுங்க போட்ட உடனே 18க்கு இறக்கிடறோம். இன்னொரு விஷயம், ஒரு ஈரமானி வாங்குங்க, ஹைக்ரோமீட்டர்னு கேட்டா ஆன்லைன்ல 300, 400 ரூபாய்க்குக் கிடைக்கும், தீப்பெட்டி மாதிரி குட்டியா இருக்கும். ரூம் ஈரப்பதம் எத்தனை சதவீதம்னு காட்டும், 60க்குக் கீழ இருக்கணும், 50 கிட்ட வந்தா ரொம்ப நல்லது. ஜூலைல எங்க வீட்டுல முதல் நாள் 88 காட்டுச்சு, மெஷின் ரிப்பேர்னு ரிட்டர்ன் பண்ணப் போனேன்.

மாட்டுங்கா_மாமி | காலை 10:10

எல்லாத்துக்கும் மெஷினா? ஜன்னலைத் திறந்து வை, நாலு பக்கமும் காத்து வரட்டும், அதுதான் எங்க காலத்து வைத்தியம்.

சேலத்து_மேஸ்திரி | மதியம் 1:15

மாமி கோவிச்சுக்கக் கூடாது. காத்தோட்டம் நல்லதுதான், ஆனா அது எந்தக் காத்துங்கறது முக்கியம். இன்டர்நெட்ல எழுதறவங்க பாதிப் பேர் குளிர் நாட்டுக்காரங்க, அங்க வெளிக்காத்து வறண்டது, ஜன்னலைத் திறந்தா வீட்டு ஈரம் வெளில போகும். மும்பைல ஜூன்லருந்து செப்டம்பர் வரைக்கும் 2,000 மில்லிமீட்டருக்கு மேல கொட்டுது, சென்னைல வருஷம் பூரா பெஞ்சாலே 1,400 சுமார்தான். இங்க மழை அடிக்கறப்ப ஜன்னலைத் திறந்தா ஈரம் உள்ளதான் வரும். வெயில் எட்டிப் பாக்கற நேரம் திறங்க, மழைன்னா சாத்துங்க. சமைக்கறப்ப எக்ஸாஸ்ட் ஃபேன், குளிச்சதும் எக்ஸாஸ்ட் ஃபேன், அதை விடாதீங்க.

துணியை ரூமுக்குள்ள கயிறு கட்டிக் காயப் போடுவீங்களே, ஒரு மெஷின் லோடு காய்ஞ்சா ரெண்டு லிட்டர் தண்ணி வரைக்கும் உங்க காத்துல கலக்குது. அது எங்க போகும்னு நெனைக்கறீங்க, பீரோ பின்னாடிதான்.

மாட்டுங்கா_மாமி | மதியம் 1:50

அது வாஸ்தவம். எங்காத்து ஹால்ல ஜூலை மாசம் பூரா வேஷ்டி தொங்கிண்டுதான் இருக்கும். ஆனா ஒண்ணு சொல்லு, ஊர்ல பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடிப்போமே, அப்போ இவ்ளோ பூசணம் பாத்ததில்லையே?

சேலத்து_மேஸ்திரி | மதியம் 2:05

அது கரெக்ட்டுங்க மாமி! சுண்ணாம்பு நல்ல காரம், ஆல்கலின்னு சொல்லுவாங்களே அது, அதுல பூசணம் முளைக்காது, அதுவும் வருஷா வருஷம் புதுசா அடிப்போம். செவுரும் மூச்சு விடும், ஈரம் உள்ள போனாலும் வெளில வந்துரும். இப்ப அடிக்கற எமல்ஷன் மழைக்கோட்டு போட்ட மாதிரி, உள்ள போன தண்ணி வெளில வர முடியாம பெயின்ட்டையே உப்ப வெக்குது.

தாராவி_நெல்லையன் | ஜூலை 15, ராத்திரி 9:30

ஏ மக்கா நல்லா பேசுதீய எல்லாரும், நானும் ஒண்ணு சொல்லுதேன். நமக்கு தாராவில லெதர் பேக் தொழில், அப்பா காலத்துலருந்து. லெதரும் பூசணமும் அண்ணன் தம்பி மாதிரி பாத்துக்கிடுங்க. 2005 ஜூலை 26 ஞாவம் இருக்கா, சான்டாகுருஸ்ல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர், நம்ம கடைக்குள்ள இடுப்பு மட்டும் தண்ணி. தண்ணி வடிஞ்சு மூணாம் நாள் ஷட்டரைத் தூக்குனா 300 பேக்கு, அத்தனைலயும் வெள்ளை முடி. நனைஞ்ச அன்னைக்கே காத்தாட விரிச்சிருந்தா பாதியாவது தேறியிருக்கும், கரண்டும் இல்ல, இடமும் இல்ல, என்ன செய்ய.

வீட்டுல பூசணம் புடிச்ச பெல்ட்டு, ஷூ, பேக்கு எதுவா இருந்தாலும் வெளில கொண்டு போய் உலர்ந்த துணியால தொடச்சிட்டு, ஸ்பிரிட்டும் தண்ணியும் சரிபாதி கலந்து துணில தொட்டு ஒரு ஓரமாத் தொடச்சுப் பாருங்க, சாயம் போவலன்னா முழுசாத் தொடைங்க. நிழல்ல காய வைங்க, சுள்ளுனு வெயில்ல போட்டா வெடிச்சிரும். காஞ்ச பொறவு லெதர் க்ரீம். வெக்கும்போது துணிப் பையிலதான் வெக்கணும். இந்தக் கால்சியம் க்ளோரைடு டப்பா விக்கானே, ஈரத்தை உறிஞ்சி அடில தண்ணியாக் கட்டுமே, அது நல்லாத்தான் வேலை செய்யுது, ஆனா சாஞ்சு லெதர் மேல ஊத்துச்சுன்னா லெதரு சுருங்கி கருவாடாப் போவும், அதை வச்ச இடத்துல ஆட்டாதீய.

வாஷி_வசந்த் | ராத்திரி 10:00

டிஹியூமிடிஃபையர், அதான் காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சற மெஷின், அதைப் பத்தி யாரும் சொல்லலியே. நான் போன வருஷம் 16,500 குடுத்து ஒண்ணு வாங்கினேன், ஒரு நாளைக்கு 12 லிட்டர் உறிஞ்சும்னு போட்டிருக்கான். ரூமைச் சாத்திட்டு ராத்திரி ஓட விட்டா காலைல டேங்க் ரொம்பி தானா நின்னிருக்கும், அந்தத் தண்ணியைப் பாத்தா இவ்வளவையும் நாம மூச்சுல இழுத்துட்டு இருந்தோமான்னு இருக்கும். கரண்ட்டு சுமார் 200 வாட்ஸ், 8 மணி நேரத்துக்கு ஒண்ணரை ரெண்டு யூனிட். ஒரு குறை, ரூம் சூடாகும். ஏசி இருக்கற ரூம்ல ட்ரை மோடு போட்டா ஓரளவு இதே வேலை நடக்கும்.

முலுண்ட்_முரளி | ஜூலை 16, காலை 9:15

நான் எங்க சொசைட்டி கமிட்டில 6 வருஷம் இருக்கேன், இது மட்டும் எனக்கு அத்துபடி. மகாராஷ்டிராவுல ஹவுசிங் சொசைட்டி மாடல் பை-லாஸ், அதாவது சொசைட்டிகளுக்கான மாதிரி விதிகள்படி மொட்டை மாடி ஒழுகறது, வெளிச் செவுத்து வழியா மழைத்தண்ணி வரது, வெளில இருக்கற பொதுப் பைப்பு லீக் ஆகறது எல்லாம் சொசைட்டி செலவு. மேல் வீட்டு பாத்ரூம், சிங்க் மாதிரி வீட்டுக்குள்ள வர லீக்குன்னா அந்த மெம்பர் செலவு. உங்க ஜன்னல் மூலை வெளிச் செவுரு, அதனால செக்ரட்டரிக்கு போட்டோவோட லெட்டர் எழுதி, ஒரு காப்பில சீல் போட்டு வாங்கி வெச்சுக்கோங்க. வாயால சொன்னா 'மழை முடியட்டும்'னு சொல்லி அடுத்த மழை வந்துடும். நானே அப்படி சொல்லியிருக்கேன்.

செம்பூர்_சித்ரா | ஜூலை 19, ராத்திரி 9:45

லெட்டர் குடுத்தாச்சு, நீங்க சொன்ன பதிலேதான் வந்துது முரளி சார், மழை முடியட்டுமாம். இப்போதைக்கு சஜ்ஜா மேல நீல தார்ப்பாய் கட்டியிருக்காங்க. ஞாயித்துக்கிழமை செவுரு சுத்தம் பண்ணப் போறோம், எப்படின்னு யாராவது வரிசையா சொல்லுங்களேன்.

சேலத்து_மேஸ்திரி | ராத்திரி 10:20

நீங்க சொல்ற இடம் ஒரு கதவுல பாதி இருக்கும், அது நீங்களே பண்ணிக்கலாங்க. செவுரு பூரா, சீலிங் பூரான்னா ஆள் வெச்சுத்தான். என்95 மாஸ்க், ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. ரூம் கதவைச் சாத்தி கீழ் இடுக்குல ஈரத்துணி வைங்க, ஜன்னலைத் திறங்க, ஃபேனைப் போடாதீங்க, போட்டா விதை வீடு பூரா பறக்கும். அதனாலதான் காஞ்ச பிரஷ்ஷை வெச்சு சுரண்டக் கூடாதுன்னு சொல்றது, முதல்ல சோப்புத் தண்ணியை ஸ்ப்ரேல மெல்ல நனைச்சு விடுங்க, நனைஞ்சப்புறம் ஸ்பாஞ்சால தேய்ச்சுத் துடைங்க, தண்ணியை அடிக்கடி மாத்துங்க. துடைச்ச ஸ்பாஞ்சு துணி எல்லாம் கவர்ல கட்டிக் குப்பைக்கு. வீட்டு வாக்குவம் க்ளீனர் வேண்டவே வேண்டாம், இந்தப் பக்கம் இழுத்து அந்தப் பக்கம் ஊதி விட்டுரும். கையால தட்டிப் பாருங்க, டொப்பு டொப்புன்னு சத்தம் வந்து பூச்சு கையோட வந்தா அதைக் கொத்தி எடுத்துட்டுத் திரும்பப் பூசணும்.

முடிஞ்சதும் காயணும், அதுதான் பாதி வேலை. ஃபேனை அப்பப் போடுங்க. பெயின்ட்டுக்கு இப்ப ஆசைப்படாதீங்க, டிசம்பர்ல பாத்துக்கலாம்.

மாட்டுங்கா_மாமி | ராத்திரி 10:50

சோப்புத் தண்ணிக்கு அப்புறம் வெங்காரம், போராக்ஸ்னு சொல்வாளே, அதைப் போடு. நாட்டு மருந்துக் கடைல கிடைக்கும், 4 லிட்டர் வெந்நீருக்கு ஒரு கப் கரைச்சுத் துடைச்சுட்டு அப்படியே விட்டுடு, அலம்ப வேண்டாம், செவுத்துல தங்கி மறுபடி முளைக்கவிடாது. வாயில போகக் கூடாது, கொழந்தை கைக்கு எட்டாம வை. வினிகரும் கேக்கும், ஆனா உங்காத்து சமையல் மேடை கடப்பாக்கல்லா மார்பிளா இருந்தா அது மேல சிந்தாதே, பாலீஷ் போய் வெள்ளைத் தழும்பு விழுந்துடும். நான் சிந்திட்டு இன்னும் அது மேல கோலமாவு டப்பாவை வெச்சு மறைச்சிண்டிருக்கேன்.

டோம்பிவிலி_டைகர் | ராத்திரி 11:05

சைடு டவுட். ஊர்லருந்து வந்த வேர்க்கடலை மூட்டைல பூசணம் லேசா இருக்கு, அம்மா வெயில்ல போட்டு வறுத்துடலாம்னு சொல்றாங்க, ஓகேவா?

நைட்_ட்யூட்டி | ஜூலை 20, காலை 5:50

ஓகே இல்லவே இல்ல. கடலைல வர ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை அஃப்ளடாக்சின்னு ஒரு விஷத்தை விட்டுட்டுப் போகும், பூஞ்சை செத்தாலும் அது இருக்கும், வீட்டுல வறுக்கற சூட்டுக்கு அது முழுசா அழியாது, ஈரலுக்கு ரொம்பக் கெடுதல். தூக்கிப் போடுங்க. அம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க.

சித்ரா, பொண்ணு எப்படி இருக்கா?

செம்பூர்_சித்ரா | ஜூலை 22, ராத்திரி 10:30

எங்க கூட படுக்குது, இருமல் பாதி குறைஞ்சிருக்கு, டாக்டர் இன்ஹேலர் ஒண்ணு குடுத்திருக்கார், பூசணம்னு சொன்னதும்தான் நிமிர்ந்து பாத்தார்.

ஞாயித்துக்கிழமை ரெண்டு பேருமா நாலு மணி நேரம் துடைச்சோம், ஏழு பக்கெட் தண்ணி, முதல் மூணு பக்கெட் டிகாக்ஷன் மாதிரி. பீரோ முதுகு ப்ளைவுட் ஊறிப் போயிருந்துது, கழட்டித் தூக்கிப் போட்டாச்சு. மரமெல்லாம் துடைச்சுக் காய வெச்சு, பீரோவை இப்ப வெளிச் செவுத்துக்கும் வெக்காம ஏசி செவுத்துக்கும் வெக்காம மூணாவது செவுத்துல ஒரு சாண் தள்ளி நிறுத்தியிருக்கோம். மாமனார் பின்னாடி டார்ச் அடிச்சு அடிச்சுப் பாக்கறார், அவருக்கு இப்ப அதுதான் பொழுதுபோக்கு. ஈரமானி நேத்து வந்துது, வந்தப்ப 84, ஜன்னலைச் சாத்தி துணிக்கயிறை பால்கனிக்கு மாத்தினதுல இன்னைக்கு 71. வசந்த் அண்ணா சொன்ன மெஷின் வாங்கலாமான்னு யோசிக்கறோம்.

செம்பூர்_சித்ரா | அக்டோபர் 7, ராத்திரி 10:15

இந்த இழையை மறந்திருப்பீங்க, ஆனா சொல்லாம விட்டா தப்பு. மெஷின் வாங்கினோம், ஆகஸ்ட் பூரா பின் ரூம் 58லருந்து 62க்குள்ள இருந்துது. செவுத்துல மறுபடி ஒரு பொட்டு வரல. மழை ஓஞ்சதும் சாரம் கட்டிப் பாத்தாங்க, மேஸ்திரி அண்ணன் சொன்ன அதே இடம், சஜ்ஜா மேல விரல் நுழையற விரிசல், சொசைட்டி செலவுலயே அடைச்சிருக்காங்க. பெயின்ட் இன்னும் அடிக்கல, பொறுத்துத்தான் இருக்கோம். புடவைல ரெண்டு இடத்துல லேசா தழும்பு இருக்கு, மாமியார் அதைக் கொசுவத்துக்குள்ள மறைச்சு நேத்து கட்டிட்டாங்க.

மேல் வீட்டு 'பா' விஷயம். ஜூலைலயே போய் மன்னிப்பு கேக்கச் சொன்னேன், வீட்டுக்காரர் லிஃப்ட்ல அவங்களைப் பாத்தா படிக்கட்டுல இறங்கிட்டு இருந்தார். இந்த நவராத்திரிக்கு நான் கூப்பிட மாட்டேன், நீங்கதான் மேல போய்க் கூப்பிடணும்னு குங்குமச் சிமிழைக் கையில குடுத்து அனுப்பிட்டேன். இன்னைக்கு சாயந்தரம் வந்தாங்க. கொலுவைப் பாத்தாங்க, சுண்டல் வாங்கிக்கிட்டாங்க, வெத்தலை பாக்கை முந்தானைல முடிஞ்சுக்கிட்டு யாரையும் கேக்காம நேரா பின் ரூமுக்குப் போய் பீரோ பின்னாடி எட்டிப் பாத்தாங்க. வீட்டுக்காரர் ஓடிப் போய் டார்ச் அடிச்சுக் காட்டினார்.

டோம்பிவிலி_டைகர் | ராத்திரி 10:21

அக்கா சூப்பர். அந்த ஈரமானி எதுல வாங்கினீங்க, லிங்க் போடுங்க ப்ளீஸ், எங்க அம்மா பீரோலயும் ஏதோ வாடை வருது